கடைமடையில் ஒரு லேப்டாப்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரு பென்குவின் மேல் கொலைவெறிக் கோபம் வந்தது.

பாபநாசத்தில் பென்குவின் ஏது என்கிறீர்களா? என் வீட்டில் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை முடுக்கினால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பந்தியில் மூன்றாவது முறை பாயசம் கேட்டு வாங்கியவர் மாதிரி முகத்தில் ஒரு திருப்தி. லினக்ஸ் என்கிற இயங்குதளத்தின் சின்னம் அது.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கும் புண்ணியவான்களுக்கு நினைவிருக்கலாம். சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி எழுதினேன் — விண்டோஸை விட்டு வெளியேறிவிட்டேன், வைரஸிலிருந்து விடுதலை பெற்றுவிட்டேன் என்று. சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினீர்கள். அந்தப் பாராட்டையெல்லாம் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தபால் செலவு என்னுடையது.

நடந்தது இதுதான். என் மகன் கார்த்தி சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஆடி மாதம் லீவில் வந்தவன் என் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் செய்வார்களே, அப்படி ஒரு பெருமூச்சு விட்டான்.

"எதைக் காட்டுனாலும் கிளிக் பண்ணுவீங்களாப்பா?"

"'இங்கே கிளிக் செய்யவும்'னு மரியாதையா கேக்கறான். எப்படிடா மாட்டேங்கறது?"

அன்று சாயந்திரமே விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டான். "இதுல வைரஸ் தொந்தரவு கம்மி. காசும் கிடையாது. சுதந்திரமா இருக்கலாம்" என்றான். பிறகு விமானம் ஏறிவிட்டான். சுதந்திரத்தில் நான் தனியாக மாட்டிக்கொண்டேன்.

ஆனாலும் ஊரில் எனக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. 'அவரு விண்டோஸெல்லாம் வச்சுக்க மாட்டாரு' என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. எல்லாரும் பொன்னி நெல் நடும்போது ஒருவர் மட்டும் கறுப்புக் கவுனி நட்டால் வருமே ஒரு மிதப்பு... அதே மிதப்பு.

அந்த மிதப்போடு நான் கொடுத்த வாக்குதான் போன வியாழக்கிழமை என் கழுத்தைப் பிடித்தது.

என் தங்கை குடவாசல் பக்கம் வாக்கப்பட்டவள். அவள் மகள் தேன்மொழி ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள். பெரிய படிப்பு. ஆனால் படித்து முடித்ததும் கிடைத்ததென்னவோ ஒரு தீவனக் கம்பெனி வேலை. டூவீலரில் ஊர் ஊராகப் போய்த் தாது உப்புக் கலவை விற்க வேண்டும். "மாட்டுக்கு ஊசி போடப் படிச்சேன் மாமா. மாட்டுக்காரங்களுக்கு மூட்டை விக்கறேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்தாள் என்பதால் அது வேடிக்கை ஆகிவிடாது.

இந்த நிலையில்தான் ஓமானில் ஒரு பெரிய பால் பண்ணையிலிருந்து அவளுக்கு நேர்காணல் வந்தது. ஆயிரக்கணக்கான மாடுகள். மூட்டை விற்க வேண்டாம், வைத்தியம் பார்க்கலாம். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கணினி வழியாகப் பேசுவார்கள். திரையில் எக்ஸ்ரே படங்களும் புண்களின் படங்களும் காட்டுவார்கள், பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். அதனால் செல்போன் கூடாது, கணினிதான் வேண்டும். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் இன்னொரு நேரம் தரமாட்டார்கள். எல்லாம் மெயிலில் தெளிவாக இருந்தது.

தங்கை வீட்டுக்காரர் எனக்கு போன் செய்தார். நெல்லைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். "மச்சான், உங்க வீட்லதான் கம்ப்யூட்டரு இருக்கு. உங்களை நம்பித்தான் புள்ளைய அனுப்பறேன்."

"மாப்ளே, இதெல்லாம் ஒரு விஷயமா? வரச் சொல்லுங்க" என்றேன். எப்படி இருக்கிறது குரல்? நானே அந்தப் பால் பண்ணையின் முதலாளி மாதிரி.

வியாழன் காலை தேன்மொழி வந்தாள். பச்சைச் சேலை, கையில் ஃபைல், நெற்றியில் வைத்தீஸ்வரன் கோயில் திருநீறு. லேப்டாப்பும் அவளுக்குச் சளைக்காமல் மங்களகரமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு என் மனைவி வசந்தி வைத்த சந்தனம் குங்குமம் இன்னும் அழியாமல், திரைக்கு மேலே நட்டநடுவில் ஜொலித்தது. அசல் கட்டையில் இழைத்த சந்தனம். காய்ந்தால் சிமெண்ட்.

"இப்பவே ஒருதடவை திறந்து பாத்துருவோமா மாமா?" என்றாள்.

"தாராளமா" என்று மெயிலில் இருந்த லிங்க்கைத் தட்டினேன். எனக்குப் பழக்கமான பிரவுசர் நரிப் படம் போட்டது. அந்த நரி போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு வரியோடு திரும்பி வந்தது: 'உங்கள் பிரவுசரை நாங்கள் ஆதரிப்பதில்லை.'

ஆதரிப்பதில்லையா? நான் என்ன எலெக்‌ஷனிலா நிற்கிறேன்?

பரவாயில்லை என்று நாலு கலர் உருண்டை படம் போட்ட இன்னொரு பிரவுசரைத் திறந்தேன். இதற்குக் கதவு திறந்தது. உள்ளே போனால், 'எங்கள் மென்பொருளை முதலில் இறக்கிக்கொள்ளவும்' என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ஜன்னல் படம், விண்டோஸ்காரர்களுக்கு. இன்னொன்றில் கடித்த ஆப்பிள், மேக் வைத்திருப்பவர்களுக்கு.

பென்குவின்?

மேலே பார்த்தேன். பக்கத்தில் பார்த்தேன். மனுநீதிச் சோழன் மணியடித்த பசுவைப் பார்த்த மாதிரி அந்தப் பக்கத்தை வெறித்துப் பார்த்தேன். பென்குவின் இல்லை.

எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. வாசகர்களே, என் பதற்றத்துக்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவேன். பிறகு அவிழ்ப்பேன். பிறகு மறுபடி மடித்துக் கட்டுவேன். இது எந்தப் பிரச்சினையையும் இதுவரை தீர்த்ததில்லை.

சிங்கப்பூருக்கு போன் போட்டேன். கார்த்தி மதியச் சாப்பாட்டில் இருந்தான். வாயில் சோற்றோடு பேசினான்.

"அது லினக்ஸுக்குக் கிடையாதுப்பா. அவங்க செய்யல."

"ஏன்டா செய்யல? அதே திரை, அதே கீபோர்டு, அதே நெட்டு. நான் என்ன தாழ்ந்து போயிட்டேன்?"

"மாவு ஒண்ணுதாம்ப்பா. அதுக்காக இட்லித் தட்டுல தோசை ஊத்த முடியுமா? ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியா செய்யணும். வீட்ல லினக்ஸ் வச்சிருக்கறவங்க கொஞ்சப் பேரு. அந்தக் கொஞ்சப் பேருக்காக யாரு மெனக்கெடுவா?"

"நீதானேடா என்னை அந்தக் கொஞ்சப் பேர்ல சேத்துவிட்டே?"

மறுமுனையில் அவன் இன்னொரு கவளம் போட்டு மென்றான்.

விண்டோஸுக்கான மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்க ஒரு மாற்று ஏற்பாடு இருக்கிறது என்றான். அதன் பெயர் ஒரு மதுவின் பெயர். "அதைப் போட்டா சில சமயம் ஓடும், சில சமயம் பாதியில படுத்துரும்" என்றான். மதுவைப் பற்றியும் எனக்குத் தெரிந்தவர்கள் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் வேலையை அதை நம்பியா விடுவது? வேண்டாம் என்றுவிட்டேன்.

போனை வைத்த பிறகு எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இது நமக்குத் தெரிந்த கதையாக இருக்கிறதே?

அணையில் தண்ணீர் திறந்தால் முதலில் தலைமடைக்காரனுக்கு வரும். அவன் நாற்று விட்டு, நட்டு, களையும் எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து நியாயம் பேசும்போது கடைமடைக்காரன் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அதே காவிரி. ஆனால் கோடியில் இருப்பவனுக்குக் கடைசி. கணினி உலகத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. புது மென்பொருள் திறந்துவிட்டால் விண்டோஸ் தலைமடை. மேக் நடுமடை. லினக்ஸ்... குடவாசலுக்கும் கிழக்கே.

சரி, பாபநாசத்தில் தலைமடை எங்கே இருக்கிறது? அபூபக்கர் பாய் கடையில்.

பாய் எட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ரீசார்ஜ் என்று எல்லாம் சேர்ந்த ஒரு கடை வைத்திருக்கிறார். தேன்மொழியை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, பனியன் மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

"பாய், உங்ககிட்ட விண்டோஸ்தானே?"

"உக்காருங்க சார். விண்டோஸ்தான். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

விஷயத்தைச் சொன்னேன். ஓமான் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எந்தப் பக்கம்? சலாலாவா? அங்கேன்னா மழையெல்லாம் பெய்யும் சார், நம்ம ஊரு மாதிரி." அரபு நாட்டு மழையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். ஜன்னல் படப் பொத்தானைக் கம்பீரமாக அழுத்தினேன். இறங்கியது. ஓடியது. பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்தது: 'உங்கள் விண்டோஸ் மிகப் பழையது. இதில் இந்த மென்பொருள் வேலை செய்யாது.'

"பாய், இது எந்தக் காலத்து விண்டோஸ்?"

"ஏன் சார்? நல்லாத்தானே ஓடுது?"

"புதுசு ஒண்ணு போட்டுருக்கலாம்ல?"

பாய் நாற்காலியைத் திருப்பி என் பக்கம் உட்கார்ந்தார். பல வருஷம் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"போடலாம் சார். போட்டா என் தமிழ் போயிரும். பத்திரிகை அடிக்கறதுக்கு ஒரு சாப்ட்வேர் வச்சிருக்கேன்ல, அது இந்த விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும். புதுசுல ஏத்துனா எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா நிக்குது. 'நிகழும் மங்களகரமான'ங்கற இடத்துல வெறும் கட்டம். பொண்ணு பேரு கட்டம், மாப்ள பேரு கட்டம். எந்த வீட்ல ஒத்துக்குவாங்க?"

"அந்த சாப்ட்வேர் செஞ்சவங்களையே புதுசா ஒண்ணு கேக்கறது?"

"அவரு கடையை மூடிட்டு அமெரிக்கா போயி பல வருஷம் ஆச்சு." பாய் மானிட்டரைச் செல்லமாகத் தட்டினார். "நான் மஸ்கட்டு போயிட்டு வந்துட்டேன். செஞ்சவரு அமெரிக்கா போயிட்டாரு. என் மருமவன் துபாய்ல இருக்கான். இது ஒண்ணுதான் சார், இந்த மேசையை விட்டு நகரமாட்டேங்குது."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம் ஊர் ஆட்கள் எந்த தேசத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஓடுகிறார்கள். பாலைவனத்தில் ஓடுகிறார்கள், பனியில் ஓடுகிறார்கள். ஒரே மாசத்தில் அந்த ஊர்ச் சாப்பாடு, அந்த ஊர் பஸ், அந்த ஊர் திட்டு எல்லாம் பழகிவிடுகிறது. மென்பொருள்? எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் படுக்கும். கொஞ்சம் இடம் மாற்றினால் கட்டம் கட்டமாக நின்றுவிடும். 'ஆதரிப்பதில்லை' என்று யாராவது ஒரு வரி சொன்னதற்காக நம் பாய் மஸ்கட்டிலிருந்து திரும்பியிருப்பாரா?

மேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பாபநாசத்தில் ஆப்பிள் கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதில் நேர்காணல் நடத்த முடியாது.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்று. கும்பகோணத்துக்கு டாக்சி வைத்துக்கொண்டு ஓடுவதா, தஞ்சாவூருக்கு ஓடுவதா என்று நான் வாசலிலேயே நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டுட்டுப் பதறுங்க" என்றாள் வசந்தி. "சோறு ஆறுது."

தேன்மொழி லேப்டாப் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஊரைச் சுற்றிவந்த நேரம் முழுக்க அந்த ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"மாமா, இங்க வாங்களேன்."

அவள் விரல் திரையின் அடிக்கோடியில் இருந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் படித்தேன். 'மென்பொருளை இறக்க முடியவில்லையா? பிரவுசரிலேயே சேரலாம்.'

"இது காலையிலேயே இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா. நீங்க படக்குனு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"நீ எப்படிம்மா கண்டுபிடிச்சே? இவ்ளோ பொடியா இருக்கு?"

"எங்க வயலுக்குத் தண்ணி வர்ற வாய்க்கா மேப்புலயே கிடையாது மாமா. பெரிய மதகைப் பாத்துக்கிட்டு நின்னா எங்கப்பா ஒரு போகமும் எடுத்திருக்க மாட்டாரு. அதான்... ஓரமாத் தேடிப் பாத்தேன்."

இப்போதுதான் எனக்குப் பிரவுசரின் மகிமை புரிந்தது. மென்பொருள் என்பது இட்லித் தட்டு. அந்தந்தப் பானைக்குத்தான் சேரும். பிரவுசர் என்பது கரண்டி மாதிரி. ஜன்னலோ ஆப்பிளோ பென்குவினோ, எந்தப் பாத்திரத்திலும் நுழையும். அதிலும் நரிக்கரண்டி ஆகாது, உருண்டைக்கரண்டிதான் ஆகும் என்று ஒரு சின்ன ஜாதிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். வழி இருக்கிறதே. ஆனால் வழியை ஏன் எறும்பு சைஸில் எழுதுகிறார்கள்? எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள் என்றா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிட்டேன். மோர்சாதம் வரைக்கும் போனேன்.

"மூணு மணிக்கு ராகு காலம் முடியுது. சரியா மூணுக்குத் தொடங்குறாங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று வசந்தி திருப்திப்பட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அங்கே அப்ப ஒன்றரை மணி. அவங்களுக்கு அப்பதான் ராகு காலம் ஆரம்பம்" என்றேன். வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் ராகு, கேது இரண்டும் இருந்தன.

லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். பெண் கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று வசந்தி மேசையையே திருப்பச் சொன்னாள். திருப்பினோம். சார்ஜர் ஒயர் எட்டவில்லை. நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒயரைப் பிடித்துக்கொள்ள மேசைக்கு அடியில் போனேன்.

மூன்று மணி. தேன்மொழி அந்த எறும்பு வரியைத் தட்டினாள். திரையில் இரண்டு பேர் தெளிவாக வந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், குறுந்தாடி வைத்த ஓமானி ஒருவர். பால் பண்ணை என்பதாலோ என்னவோ, மேசையில் ஒரு டம்ளர் பால்கூட இல்லை.

"உங்கள் குரல் கேட்கிறது. முகம் தெரியவில்லை" என்றார் அந்த அம்மாள் ஆங்கிலத்தில்.

கேமராவை இயக்கும் பொத்தானை அழுத்தினாள். இயங்குவதாகத்தான் காட்டியது. ஆனால் அவள் முகம் வரவேண்டிய கட்டத்தில் கும்மிருட்டு. அணைத்தாள், இயக்கினாள். இருட்டு.

அடியிலிருந்து நான் போனை எடுத்தேன். சிங்கப்பூர்.

"கார்த்தி, உன் பென்குவின் கண்ணை மூடிக்கிச்சுடா."

"டிரைவர் பிரச்சினையா இருக்கும்ப்பா. கேமராவை ஓட்டற டிரைவர்னு ஒரு மென்பொருள், லினக்ஸ்ல சில சமயம் கிடைக்காது."

"எனக்கும் டிரைவர் கிடைக்கல. கும்பகோணம் போயிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்."

"அப்பா, பதறாதீங்க. கறுப்பா ஒரு ஜன்னல் திறங்க. நான் சொல்றதை டைப் பண்ணுங்க."

பேசிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து கையையும் கண்ணையும் மட்டும் மேலே நீட்டி, அவன் சொன்னதைத் தட்டினேன். புள்ளி, கோடு, சாய்வுக்கோடு... கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்து மழையாகக் கொட்டியது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று சொன்னான். அதையும் தட்டினேன். கேமரா இருக்கிறது, நன்றாக இருக்கிறது, வேலை செய்கிறது என்று கணினி சத்தியம் செய்தது. இருட்டும் அப்படியே இருந்தது.

"மன்னிக்கவும்" என்றார் ஓமான்காரர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "முகத்தைப் பார்த்து ஆளை உறுதிசெய்யாமல் எங்களால் தொடங்க முடியாது. அடுத்தவர் காத்திருக்கிறார். இன்னும் சில நிமிடங்கள் பார்க்கிறோம்."

தேன்மொழி "யெஸ் சார்" என்றாள். மேசைக்கு அடியில் இருந்த எனக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே மூட்டை விற்கிற பெண் அவள் என்று சொன்னேன் அல்லவா? அந்த விரல் சிரிக்கவில்லை.

எனக்குக் கண்முன்னே மாப்பிள்ளை வந்து நின்றார். 'உங்களை நம்பித்தான் அனுப்பறேன்.' மனசுக்குள் பென்குவினை, அதைக் கண்டுபிடித்தவனை, அதை ஏற்றிவிட்ட என் பிள்ளையை, அவனைப் பெற்ற என்னை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தேன். ஓமானில் கேமராவைத் தடுத்திருப்பார்களோ? நெட் கம்பெனி சதியோ? லினக்ஸ்காரனுக்கு முகமே கிடையாது என்று சட்டம் வந்துவிட்டதோ?

"யாரு கண்ணோ பட்டிருக்கு" என்று வசந்தி எலுமிச்சம்பழம் எடுக்க அடுக்களைக்குப் போனாள்.

"மாமா" என்று மேலிருந்து சன்னமாக ஒரு குரல். "இதுல கேமரா எங்க இருக்கு?"

"உள்ள எங்கேயாவது இருக்கும்மா. டிரைவர்தான்—"

"டிரைவர் இருக்கட்டும். கண்ணு எங்க இருக்கு?"

நான் யோசித்தேன். வாசகர்களே, நாள்தோறும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திறக்கிற லேப்டாப். அதன் கேமரா எங்கே என்று எனக்குத் தெரியாது. தேவைப்பட்டதே இல்லை. பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் வசந்தியின் செல்போனில்தான்.

தேன்மொழி லேப்டாப்பைத் தன் பக்கம் சாய்த்தாளாம். கன்றுக்குட்டியின் தாடையைப் பிடித்து நிமிர்த்துவது மாதிரி இருந்தது என்று, அதற்குள் பழத்தோடு திரும்பியிருந்த வசந்தி பிறகு சொன்னாள். திரையின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினாள். நட்டநடுவில், முகமாக இருந்தால் சரியாக நெற்றி இருக்கும் இடத்தில், விரல் நின்றது.

ஆயுத பூஜைச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

பொட்டு வைக்கிறவர்கள் எங்கே வைப்பார்கள்? நெற்றிக்கு நடுவில். கேமராவைப் பொருத்துகிறவர்கள் எங்கே பொருத்துவார்கள்? அதே இடத்தில். வசந்தியின் குறி ஒரு மயிரிழைகூடத் தப்பவில்லை.

தேன்மொழி முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள். முதலில் நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்தாள். பிறகு துடைத்தாள். திரையில் இருட்டு சிவப்பானது. சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் கலைந்து அவள் முகம் வந்தது.

முகம் மட்டுமா வந்தது? கையில் போன் இருந்ததால் ஒயரை வாயில் கவ்விக்கொண்டு, என்ன ஆச்சென்று தெரிந்துகொள்ள அந்த நொடி பார்த்து நான் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினேன். பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, வாயில் சார்ஜர் ஒயர். பின்னால் வசந்தி, கையில் எலுமிச்சம்பழத்தோடு.

"குட் ஆஃப்டர்நூன்" என்றார் வெள்ளைக்கார அம்மாள் என்னைப் பார்த்து.

வாயில் ஒயர் இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு வந்த வழியே உள்ளே போய்விட்டேன். மிச்ச நேர்காணலை அங்கிருந்துதான் கேட்டேன்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் அந்த அம்மாள். வேறு யாராக இருந்தாலும் 'டெக்னிக்கல் ப்ராப்ளம்' என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். நான் நிச்சயம் சொல்லியிருப்பேன். தேன்மொழி உள்ளதைச் சொன்னாள் — எங்கள் பக்கம் வருஷத்துக்கு ஒருநாள் தொழில் கருவிகளுக்குப் பூஜை செய்து பொட்டு வைப்போம், அந்தப் பொட்டு இதன் கண்ணை மூடியிருந்தது, சுத்தம் செய்துவிட்டேன் என்று.

ஓமான்காரர் சிரித்துவிட்டார். "ஆக, நோயாளிக்குக் கண்ணில் கோளாறு. சரி, அங்கிருந்தே தொடங்குவோம். மந்தையில் ஒரு மாடு கண்ணைத் திறக்காமல் நீர் வடித்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?"

"முதலில் அதை மற்ற மாடுகளிடமிருந்து பிரிப்பேன் சார்" என்று ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை. ஈ, தூசி, வெயில், கண்ணில் விழும் வெள்ளை என்று என்னென்னவோ வந்தது. ஆனால் அந்தப் பெருவிரல் தரையை விட்டுவிட்டது. அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

எல்லாம் முடிந்தபிறகு கார்த்தி கேட்டான். "அப்பா, என்ன டிரைவர் போட்டீங்க?"

"முந்தானை" என்றேன்.

"பாத்தீங்களா, லினக்ஸ் மேல தப்பே இல்ல."

இல்லைதான். அன்று முழுக்க நான் ஜன்னலைத் திட்டினேன், ஆப்பிளைத் திட்டினேன், பென்குவினைத் திட்டினேன். எவன் எனக்குக் கதவு வைக்கவில்லை என்று சைக்கிளில் போய்த் தேடினேன். கதவு வைக்காததும் நிஜம்தான். அந்தச் சண்டையை நான் விடுவதாக இல்லை. ஆனால் கடைசியில் எங்களை மறித்து நின்றது வெளிநாட்டுக்காரன் வைத்த தடை இல்லை. நாங்களே பக்தியோடு இழைத்துப் பூசியது. இதில் யாருக்கு என்ன பாடம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. வசந்தி இந்தப் பத்தியைப் படிப்பாள்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், மெயில் வந்திருச்சாம். சித்திரைக்கு மேல வரச் சொல்லியிருக்காங்களாம்." நெல்லைப் பற்றி இல்லாத பேச்சு அவருக்குக் கஷ்டம். ஆனாலும் சொன்னார்: "கம்ப்யூட்டரு வச்சிருக்கற வீடு ஒண்ணு வேணும் மச்சான். நல்லவேளை நீங்க இருந்தீங்க."

நான் மறுக்கவில்லை. வழக்கம்தானே.

ஒரு விஷயம் மட்டும் வீட்டில் முடிவாகிவிட்டது. வருகிற ஆயுத பூஜைக்கும் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் உண்டு — முதுகில்.